எந்திரத்தைத் திறக்கத் தெரிந்த பிள்ளைகள்

நம்ம பக்கம் ராத்திரி நேரத்தில் டார்ச் லைட்டோடு கொல்லைக்குப் போய் மோட்டார் போடுகிறவர்கள் இப்போது குறைந்துவிட்டார்கள். மோட்டார் கொட்டகையில் ஒரு சின்னப் பெட்டியை மாட்டிவிடுகிறார்கள். உள்ளே ஒரு சிம் கார்டு. வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தபடி செல்போனில் அந்த நம்பருக்கு ஒரு கால் கொடுத்தால் மோட்டார் ஓடுகிறது. மூன்று பேஸில் ஒன்று வராவிட்டால் பெட்டி மோட்டாரைப் போடாது. போரில் தண்ணீர் வற்றிவிட்டால் மோட்டார் இழுக்கும் ஆம்பியர் குறையும். அதைப் பார்த்துப் பெட்டியே மோட்டாரை நிறுத்திவிடும்.

கடலூர் மாவட்டம் மங்கலம்பேட்டையைச் சுற்றியுள்ள கிராமங்களிலிருந்து பள்ளிக்கு வருகிற பிள்ளைகளுக்கு இந்தப் பெட்டி நன்றாகத் தெரியும். அப்பாவுக்காக போன் போட்டு மோட்டாரை நிறுத்தித் தருவதே பல வீடுகளில் அவர்கள்தான். ஆனால் "ரோபோ பார்த்திருக்கீங்களா?" என்று கேட்டால், "சினிமாவுல பார்த்திருக்கோம்ணா" என்கிறார்கள். கொல்லையில் இருப்பதும் ரோபோவும் ஒரே குடும்பம் என்று அவர்களுக்கு யாரும் சொன்னதில்லை.

நான் பிறந்து வளர்ந்தது இந்தப் பக்கம். வேலை ஒரகடம் பக்கம், தொழிற்சாலையில் தானியங்கி எந்திரங்களைப் பராமரிப்பது. ஊருக்கு வரும்போது ஒன்பதாவது, பத்தாவது படிக்கிற பிள்ளைகளோடு உட்கார்ந்து இந்த வேலைகளைப் பற்றிப் பேசுவதை வழக்கமாக்கிக்கொண்டிருக்கிறேன். சொல்ல வருவது ஒன்றுதான். நம் பிள்ளைகளில் நிறையப் பேர் எப்படியும் எந்திரங்கள் ஓடுகிற தொழிற்சாலைக்குத்தான் வேலைக்குப் போகிறார்கள். அங்கே எந்திரத்துக்கு முன்னால் நின்று பொருளை எடுத்து வைக்கிறவராகப் போகப் போகிறார்களா, எந்திரம் நின்றுபோனால் அதைத் திறந்து சரிசெய்கிறவராகப் போகப் போகிறார்களா என்பது பெரும்பாலும் பதினைந்து வயதில் எடுக்கிற முடிவிலேயே அடங்கிவிடுகிறது. அந்த முடிவை எடுப்பதற்கு முன்பு இந்த வேலைகளைப் பற்றி அவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும்.

ரோபோ நம் ஊரிலேயே இருக்கிறது

ரோபோ என்றதும் மனித உருவம் மனசில் வந்துவிடுகிறது. அதனால்தான் பிள்ளைகள் மலைத்துப்போகிறார்கள். உருவத்தை விட்டுவிட்டுப் பார்த்தால் அது செய்வது மூன்று வேலை. சுற்றி நடப்பதை அறிய வேண்டும்; அதற்கு சென்சார். அறிந்ததை வைத்து முடிவெடுக்க வேண்டும். அதற்கு ஒரு சிப், அந்தச் சிப்புக்குள் நாம் எழுதி வைத்த புரோகிராம். எடுத்த முடிவைச் செய்து முடிக்க வேண்டும். அதற்கு மோட்டார், வால்வு, ரிலே. கொல்லையில் இருக்கிற மொபைல் ஸ்டார்ட்டரில் இந்த மூன்றும் உண்டு. 2023 ஆகஸ்ட் 23 அன்று நிலவில் இறங்கிய விக்ரம் லேண்டரிலிருந்து வெளியே வந்து ஆறு சக்கரத்தில் நடந்ததே பிரக்யான், 26 கிலோ எடையுள்ள அந்த ரோவரிலும் இதே மூன்றுதான்.

இதை நேரில் பார்க்க வேண்டுமானால் பிள்ளைகளை ஒரு நவீன அரிசி ஆலைக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். அரிசி மூட்டையில் 'சார்டெக்ஸ்' என்று அச்சடித்திருப்பார்களே, அந்த மெஷினுக்கு முன்னால் நிறுத்துங்கள். மேல் தொட்டியில் கொட்டிய அரிசி அதிர்கிற தட்டில் பரவி, சரிவான தடங்களில் வரிசை பிடித்து வழுக்கிக்கொண்டு இறங்கும். தடம் முடிகிற இடத்தில் பளிச்சென்று விளக்கு, அதற்கு எதிரே கேமரா. கறுத்த அரிசி, பழுப்பு அரிசி, கல் எது வந்தாலும் கேமரா கண்டுபிடித்துவிடும். கண்டுபிடித்த கணத்தில், அந்தத் தடத்துக்கு நேராக இருக்கிற சின்ன வால்வு திறந்து காற்றை 'டப்' என்று ஊதும். கெட்ட அரிசி மட்டும் விலகி வேறு வாய்க்குப் போய்விடும். மெஷின் ஓடும்போது கேட்கிற சடசடப்பு முழுக்க அந்த வால்வுகளின் சத்தம்தான்.

கண்ணாடியில் தவிட்டுத் தூசி படிந்தால் நல்ல அரிசியும் கழிவோடு போகும். கம்ப்ரசர் காற்றில் ஈரம் சேர்ந்தால் வால்வு மாட்டிக்கொள்ளும். பெரிய பழுது என்றால் சர்வீஸ் ஆள் வெளியூரிலிருந்துதான் வர வேண்டும். அவர் வரும்வரை ஆலைக்காரருக்கு நஷ்டம். முந்திரிப் பருப்பைத் தரம் பிரிக்கவும் இதே வகை மெஷின்கள் வந்துவிட்டன. பண்ருட்டியும் விருத்தாசலமும் முந்திரிக்குப் பேர்போன ஊர்கள். அந்த சர்வீஸ் ஆள் நம் ஊர்ப் பிள்ளையாக ஏன் இருக்கக் கூடாது?

நெய்வேலியை எடுத்துக்கொள்ளுங்கள். அங்கே இருப்பது 1956-ல் தொடங்கிய என்.எல்.சி. நிலக்கரி நிறுவனம். சுரங்கத்தில் மண்ணை வெட்டுகிற ராட்சதச் சக்கர எந்திரங்களை நம் பிள்ளைகள் படத்தில் பார்த்திருப்பார்கள். வெட்டிய மண்ணையும் நிலக்கரியையும் கொண்டுபோகிற கன்வேயர் பெல்ட் ஒரு பக்கமாக விலகினால் அதைச் சொல்ல ஒரு சுவிட்ச், வேகம் குறைந்தால் சொல்ல ஒரு சென்சார், ஆபத்து என்றால் யாராவது கயிற்றை இழுத்ததும் மொத்த பெல்ட்டையும் நிறுத்த ஒரு சுவிட்ச் என்று வழி நெடுக இருக்கும். இவற்றைச் சோதித்து, மாற்றி, மீண்டும் ஓட வைப்பதற்கென்றே ஆட்கள் வேலை பார்க்கிறார்கள். அந்த வேலைக்கு இன்ஸ்ட்ருமென்டேஷன் என்று பெயர். சிதம்பரத்தில் அண்ணாமலைப் பல்கலைக்கழகப் பொறியியல் புலத்தில் எலெக்ட்ரானிக்ஸ் அண்ட் இன்ஸ்ட்ருமென்டேஷன் என்று ஒரு துறையே இருக்கிறது. நம் மாவட்டத்துக்குள்ளேயே இருக்கிற படிப்பு இது. பத்தாம் வகுப்பு வரைக்கும் இந்தப் பெயரே காதில் விழாமல் படித்து முடிக்கிற பிள்ளைகள் எத்தனையோ பேர்.

விருத்தாசலம் என்றால் பீங்கான். அங்கே செராமிக் தொழில்நுட்பத்துக்கென்றே டிப்ளமா படிப்பு இருக்கிறது. கையிலிருக்கிற செல்போனைத் திறந்தால் உள்ளே பச்சைப் பலகையில் மணல் பருக்கை அளவில் நூற்றுக்கணக்கான கெபாசிட்டர்கள் ஒட்டியிருக்கும். அவற்றில் பெரும்பாலானவை செராமிக்கில் செய்தவை. ஜாடிக்கும் செல்போனுக்கும் அடிப்படை அறிவியல் ஒன்று என்று சொன்னால் பிள்ளைகள் கண் விரிகிறது.

பாடப் புத்தகத்திலிருந்தே தொடங்கலாம்

நான் வகுப்புக்குக் கொண்டுபோகிற சாமான் எல்லாம் ஒரு டிபன் பாக்ஸில் அடங்கிவிடும். புரோகிராம் ஏற்றக்கூடிய ஒரு ஆர்டுயினோ போர்டு, ஒரு பிரெட்போர்டு, நாலைந்து எல்.இ.டி., ரெசிஸ்டர்கள், தூரம் அளக்கிற அல்ட்ராசோனிக் சென்சார் ஒன்று, சின்ன சர்வோ மோட்டார் ஒன்று, ஒயர்கள். எல்லாம் சேர்த்து ஏறக்குறைய ஆயிரம் ரூபாய்க்குள் முடிந்துவிடும்.

முதலில் எல்.இ.டி.யை எரிய வைப்போம். போர்டு தருவது 5 வோல்ட். சிவப்பு எல்.இ.டி. எடுத்துக்கொள்வது சுமார் 2 வோல்ட். மீதி 3 வோல்ட்டை என்ன செய்வது? நடுவில் 220 ஓம் ரெசிஸ்டர் போடுகிறோம். மூன்றை 220-ஆல் வகுக்கச் சொல்கிறேன். சுமார் 14 மில்லிஆம்பியர் வருகிறது. அந்த எல்.இ.டி. 20 மில்லிஆம்பியர் வரை தாங்கும், அதனால் கருகாது. பத்தாம் வகுப்பு அறிவியலில் நான்காவது பாடம் மின்னோட்டவியல். அதில் மதிப்பெண்ணுக்காக மனப்பாடம் செய்த ஓம் விதி, கண்ணுக்கு முன்னால் ஒரு விளக்கைக் காப்பாற்றுகிறது.

அடுத்தது சென்சார். அது 40,000 ஹெர்ட்ஸில் ஒலியை அனுப்புகிறது. மனிதக் காதுக்கு 20,000-க்கு மேல் கேட்காது. கையைச் சென்சாருக்கு நேராக 34 சென்டிமீட்டர் தள்ளிப் பிடிக்கச் சொல்வேன். ஒலி போய்த் திரும்ப 68 சென்டிமீட்டர். நொடிக்கு 340 மீட்டர் வேகம் என்றால் எவ்வளவு நேரம்? கணக்குப் போட்டு, நொடியில் 500-ல் ஒரு பங்கு என்று சொல்லிவிடுவார்கள். அந்த நேரத்தை அளந்துதான் போர்டு தூரத்தைச் சொல்கிறது. மின்னோட்டவியலுக்கு அடுத்த பாடம் ஒலியியல். எதிரொலி அதில்தான் வருகிறது. பிறகு, 20 சென்டிமீட்டருக்குள் கை வந்தால் மோட்டார் திரும்ப வேண்டும் என்று நான்கு வரி புரோகிராம். அட்டையில் செய்த ஒரு சின்னக் கேட் திறந்து மூடும். அறிவது, முடிவெடுப்பது, செய்வது மூன்றும் மேஜைமேல் நடந்து முடிந்துவிடும்.

ஒருமுறை ஒரு பெண் பிள்ளை கைக்குப் பதில் துப்பட்டாவை மடித்து நீட்டியது. கேட் திறக்கவில்லை. "ஏண்ணா, துணிய காட்டுனா மட்டும் தெரியல?" என்று கேட்டது. மெத்தென்ற துணி ஒலியை வாங்கிக்கொள்கிறது, திருப்பி அனுப்புவது குறைவு. அதைச் சொன்னதும், "அப்ப துணிக்கு வேற சென்சார் வைக்கணுமா?" என்று அடுத்த கேள்வி. தொழிற்சாலையில் எங்களுக்குச் சம்பளம் கொடுப்பதே இந்தக் கேள்வியைக் கேட்பதற்குத்தான். எந்தப் பொருளுக்கு எந்தச் சென்சார், எந்த இடத்தில் அது ஏமாறும் என்று தெரிந்தவருக்கு இந்தத் துறையில் எப்போதும் இடம் உண்டு. அந்தப் பிள்ளை ஒன்பதாவது படிக்கிறது.

திருமங்கலத்துப் பிள்ளைகள் செய்தது

அரசுப் பள்ளிப் பிள்ளைகளால் இது ஆகுமா என்று கேட்கிறவர்களுக்கு நான் ஆசாதிசாட் கதையைச் சொல்வேன். நாடு முழுவதும் 75 பள்ளிகளைச் சேர்ந்த 750 மாணவிகள் சேர்ந்து, ஸ்பேஸ் கிட்ஸ் இந்தியா அமைப்பின் வழிகாட்டுதலில் உருவாக்கிய சிறு செயற்கைக்கோள் அது. மதுரை மாவட்டம் திருமங்கலம் அரசு பெண்கள் மேல்நிலைப் பள்ளி மாணவிகளும் அதில் இருந்தார்கள். 2022 ஆகஸ்ட் 7 அன்று ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து, இஸ்ரோவின் சிறிய ராக்கெட் வகையான எஸ்.எஸ்.எல்.வி.யின் முதல் ராக்கெட்டில் அது போனது. ராக்கெட் மேலே போய்விட்டது; ஆனால் செயற்கைக்கோளைச் சரியான பாதையில் விடவில்லை. செயற்கைக்கோள் கிடைக்காமல் போயிற்று.

காரணம் என்ன என்று இஸ்ரோ பின்னர் விளக்கியது. இரண்டாம் நிலை பிரியும்போது கொஞ்ச நேரத்துக்கு வந்த பலமான அதிர்வை, ராக்கெட்டின் அசைவை அளக்கிற சென்சார்களால் அளக்க முடியவில்லை. உள்ளே இருந்த புரோகிராம், 'சென்சார்கள் கெட்டுவிட்டன' என்று முடிவு கட்டிவிட்டது. உண்மையில் அவை கெடவில்லை. தவறான முடிவால் ராக்கெட் வழிமாறியது. துப்பட்டாவைக் காட்டியபோது அட்டைக் கேட் திறக்காமல் போனதும் இதே வகைச் சிக்கல்தான். சென்சார் சொல்வதை எப்போது நம்புவது, எப்போது சந்தேகப்படுவது என்பது இந்தத் துறையின் உயிர்.

இஸ்ரோ அதைச் சரிசெய்தது. 2023 பிப்ரவரி 10 அன்று எஸ்.எஸ்.எல்.வி.யின் இரண்டாவது ராக்கெட் மாணவிகளின் ஆசாதிசாட்-2 செயற்கைக்கோளை 450 கிலோமீட்டர் உயரத்தில் சரியாகக் கொண்டுபோய் விட்டது. ஆறு மாதத்தில் தோல்வியையும் அதன் காரணத்தையும் வெற்றியையும் அந்தப் பிள்ளைகள் கண்ணால் பார்த்தார்கள். எந்தப் பாடப் புத்தகத்தாலும் கொடுக்க முடியாத படிப்பு அது.

வேலை என்றால் என்ன வேலை?

பெற்றோர் கேட்பது இதைத்தான். "ரோபோ எல்லாம் சரி தம்பி, சம்பளம் கிடைக்குமா?"

கிடைக்கும். 2024-25 நிதியாண்டில் தமிழ்நாட்டின் மின்னணுப் பொருள் ஏற்றுமதி 1,465 கோடி டாலர். இந்தியாவின் மொத்த மின்னணு ஏற்றுமதியில் 40 சதவீதத்துக்கு மேல். ஸ்ரீபெரும்புதூர், ஒரகடம், ஓசூர் பக்கம் ஆலைகள் பெருகிக்கொண்டே இருக்கின்றன. 2023-ல் இந்தியத் தொழிற்சாலைகள் புதிதாக நிறுவிய ரோபோக்கள் 8,510 என்று சர்வதேச ரோபோட்டிக்ஸ் கூட்டமைப்பு சொல்கிறது. கார் உடம்பைப் பற்றவைப்பது, பெயின்ட் அடிப்பது, பெட்டி அடுக்குவது எல்லாம் அவை செய்கின்றன.

நம் ஊரிலிருந்து பிளஸ் டூ முடித்த பெண் பிள்ளைகள் போன் ஆலைகளுக்குப் போகிறார்கள். அந்த உழைப்பை நான் குறைவாகச் சொல்லவில்லை. அந்தச் சம்பளத்தில் தம்பி தங்கையைப் படிக்க வைத்த அக்காக்களை எனக்குத் தெரியும். ஆனால் ஒரே இடத்தில் நின்று ஒரே ஸ்குரூவை முடுக்குகிற வேலையைத்தான் ரோபோ முதலில் எடுத்துக்கொள்ளும். ஆலையே மூடினாலும் அந்த ஒரு வேலையை மட்டும் தெரிந்தவர்களுக்குத்தான் கஷ்டம் அதிகம். ஸ்ரீபெரும்புதூரில் 2006-ல் உற்பத்தியைத் தொடங்கிய நோக்கியா ஆலை 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்தியபோது, ஆயிரக்கணக்கான இளைஞர்கள் ஒரே நேரத்தில் வேறு வேலை தேட வேண்டி வந்தது.

அதே ஆலைக்குள் வேறு வேலைகளும் இருக்கின்றன. பச்சைப் பலகைமேல் சோல்டர் குழம்பை அச்சடிக்கிற மெஷின், அதன்மேல் பாகங்களைக் கண்மூடித் திறப்பதற்குள் எடுத்து வைக்கிற மெஷின், சூடாக்கி ஒட்டுகிற அடுப்பு, ஒட்டியது சரியா என்று பார்க்கிற கேமரா என்று வரிசையாக நிற்கும். இவற்றை செட் பண்ணுகிறவர், பழுது பார்க்கிறவர், தவறான போர்டை உருப்பெருக்கியின் கீழ் வைத்துச் சரிசெய்கிறவர் வேண்டும். ரோபோவுக்குக் கையில் ரிமோட்டு மாதிரி ஒரு டீச் பென்டன்ட்டை வைத்துக்கொண்டு எங்கே போக வேண்டும், எவ்வளவு வேகம் என்று கற்றுக்கொடுக்கிறவர் வேண்டும். எந்திரங்களைக் கட்டுப்படுத்துகிற பி.எல்.சி.க்குப் புரோகிராம் எழுதுகிறவர், பேனல் ஒயரிங் செய்கிறவர் வேண்டும். இதில் பல வேலைகளுக்கு ஐ.டி.ஐ.யும் டிப்ளமாவும் போதும்.

போகிற வழிகள்

"இன்ஜினியரிங் முடிச்சாத்தானே ரோபோ வேலை?" என்று பிள்ளைகள் எல்லா இடத்திலும் கேட்கிறார்கள். வழி ஒன்று இல்லை, மூன்று இருக்கிறது.

பத்தாவது முடித்ததும் ஐ.டி.ஐ.யில் சேரலாம். தமிழ்நாட்டில் 71 அரசு ஐ.டி.ஐ.க்களை டாடா டெக்னாலஜிஸ் நிறுவனத்தோடு சேர்ந்து 'தொழில் 4.0' மையங்களாக அரசு மாற்றியிருக்கிறது. அவை 2023-ல் திறக்கப்பட்டன. இன்டஸ்ட்ரியல் ரோபோட்டிக்ஸ், ஆட்டோமேஷன் பாடங்கள் அங்கே இருக்கின்றன. படித்து முடித்ததும் அப்ரன்டிஸ் பயிற்சிக்குப் போகலாம். நெய்வேலியிலும் அந்தப் பயிற்சி கொடுக்கிறார்கள்.

பத்தாவது முடித்து மூன்று வருட டிப்ளமாவில் சேரலாம். எலெக்ட்ரிகல், எலெக்ட்ரானிக்ஸ், மெக்கட்ரானிக்ஸ், இன்ஸ்ட்ருமென்டேஷன் என்று பிரிவுகள் உண்டு. அண்ணாமலை நகரில் முத்தையா பாலிடெக்னிக் இருக்கிறது. ஐ.டி.ஐ. முடித்தவரும் பிளஸ் டூ முடித்தவரும் நேராக டிப்ளமா இரண்டாம் ஆண்டில் சேர முடியும். டிப்ளமா முடித்தவர் நேராக பி.இ. இரண்டாம் ஆண்டில் சேர முடியும்.

பிளஸ் டூவில் கணிதம், இயற்பியல் படித்துப் பொறியியலுக்குப் போவது மூன்றாவது வழி. 2021 முதல் அரசுப் பள்ளியில் ஆறாவதிலிருந்து படித்தவர்களுக்குப் பொறியியலில் 7.5 சதவீத இடஒதுக்கீடு இருக்கிறது. அதில் சேர்கிறவர்களின் கல்விக் கட்டணத்தை அரசே கட்டுகிறது. அரசுப் பள்ளியில் படித்துவிட்டு மேலே படிக்கிற பெண்களுக்கு 2022 முதல் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்கு 2024 முதல் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வங்கிக் கணக்குக்கு வருகிறது. ஐ.டி.ஐ., டிப்ளமா சேர்ந்தாலும் இது உண்டு.

டிப்ளமா என்றால் மார்க் குறைந்தவர்கள் படிப்பது என்கிற பேச்சு நம் ஊரில் இன்னும் போகவில்லை. அப்படிச் சொல்கிறவர்களிடம் உளுந்தூர்பேட்டையைத் தாண்டினால் வருகிற விழுப்புரத்தைக் காட்டுங்கள். சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் அந்த ஊர்க்காரர். அப்பா ரயில்வேயில் டெக்னீஷியன். மகன் படித்தது ரயில்வே பள்ளியில். பிறகு விழுப்புரத்திலேயே ஒரு பாலிடெக்னிக்கில் மெக்கானிக்கல் டிப்ளமா. அங்கிருந்துதான் பி.இ., மேற்படிப்பு, சென்னை ஐ.ஐ.டி.யில் முனைவர் பட்டம் என்று போனார். செயற்கைக்கோளுக்குள் இருக்கும் மின்னணுப் பலகைகளின் அதிர்வைக் குறைப்பதைப் பற்றி அவர் ஆராய்ந்திருக்கிறார். நிலவில் ரோவரை ஓட்டிய திட்டத்தின் தலைவர் டிப்ளமாவிலிருந்து வந்தவர் என்பதை ஒவ்வொரு பத்தாம் வகுப்பிலும் சொல்ல வேண்டும்.

இனி செய்ய வேண்டியது

அரசுத் தரப்பில் முயற்சிகள் நடக்கின்றன. ஆறு முதல் எட்டு வரை படிக்கிறவர்களுக்கு அறிவியலையும் கணக்கையும் செய்து பார்த்துக் கற்க 2022 நவம்பரில் வானவில் மன்றம் வந்தது. அதே ஆண்டு திறன் பயிற்சிக்கான நான் முதல்வன் திட்டம் வந்தது. ஒன்றிய அரசின் அடல் டிங்கரிங் ஆய்வகங்களுக்கு ஒரு பள்ளிக்கு 20 லட்சம் ரூபாய் வரை கிடைக்கிறது. இவை எல்லாம் நல்லவை. ஆனால் ஆய்வகம் வரும்வரை காத்திருந்தால், இப்போது பத்தாவது படிக்கிற பிள்ளை அதற்குள் குரூப் எடுத்துவிடும்.

ஆசிரியர்களுக்கு ஒரு வேண்டுகோள். மின்னோட்டவியலும் ஒலியியலும் நடத்துகிற வாரத்தில் ஒரு பீரியடை இதற்கு ஒதுக்குங்கள். ஊரில் மோட்டார் மெக்கானிக் ஒருவரை, அரிசி ஆலை ஆபரேட்டர் ஒருவரைக் கூப்பிட்டுப் பேச வையுங்கள். அவர்களுக்குத் தெரிந்தது புத்தகத்தில் இல்லை.

பெற்றோருக்கு ஒன்று. பழைய ரேடியோவையோ ரிமோட்டையோ பிள்ளை பிரித்துப் பார்த்தால் திட்டாதீர்கள். வீட்டுக் கரண்டில் மட்டும் கை வைக்க விடாதீர்கள். பழகுவதெல்லாம் பேட்டரியில் பழகட்டும். பெண் பிள்ளை பிரித்தாலும் இதே பேச்சுதான்.

மங்கலம்பேட்டையில் படித்துவிட்டு நெய்வேலி, ஓசூர், சென்னை, சிங்கப்பூர், வளைகுடா என்று எந்திரங்களோடு வேலை பார்க்கிற அண்ணன்களுக்கும் அக்காக்களுக்கும் முக்கியமாக ஒன்று. அடுத்த முறை ஊருக்கு வரும்போது தலைமையாசிரியரிடம் அனுமதி கேட்டு ஒரு மணி நேரம் ஒன்பதாம் வகுப்பில் உட்காருங்கள். உங்கள் வேலை என்ன, காலையில் போனதும் முதலில் எதைத் தொடுகிறீர்கள், என்ன படித்து அங்கே போனீர்கள், முதல் சம்பளம் எவ்வளவு என்று உள்ளபடி சொல்லுங்கள். பத்தாம் வகுப்புத் தேர்வுக்கு முன்பே சொல்லுங்கள். ரிசல்ட் வந்த பிறகு சொல்கிற ஆலோசனை பாதிப் பிள்ளைகளுக்குப் பயன்படாது.